மலையாடுகள் இறங்கிய ஐப்பசி

உலகம்மாளுக்கு ஒரே அண்ணன், கோலப்பன். அவர்களுடைய அப்பா சாகும்போது விட்டுப்போனது ஒரு மந்தை செம்மறி ஆடு. தாழக்குடி வயல்காரர்கள் அறுப்பு முடிந்ததும் அந்த மந்தைக்காகக் காத்திருப்பார்கள். ஆடுகளை ராத்திரியில் வயலிலேயே கிடை போட்டால் அடுத்த பூ நெல்லுக்கு வேறு உரம் தேட வேண்டாம். அப்பாவுக்குப் பிறகு கோலப்பனும் உலகம்மாளின் கணவன் சிவதாணுவும் சேர்ந்து மந்தையைப் பார்த்தார்கள். சிவதாணு மூத்தவன். சொன்ன சொல் மாறாதவன், அதே அளவுக்குப் பிடிவாதக்காரன். கோலப்பனும் பிடிவாதத்தில் அவனுக்குக் குறைந்தவன் இல்லை.

மழைக்காலம் வந்தால் ஆடுகளுக்கு வெளுப்பு விழும். கண்ணிமையைப் புரட்டிப் பார்த்தால் உள்ளே சிவப்பே இருக்காது, உரித்த பனங்கிழங்கு போல வெளுத்துக் கிடக்கும். பிறகு தாடைக்குக் கீழே தண்ணீர் கோத்துப் பை போலத் தொங்கும். மந்தையோடு நடக்க முடியாமல் பின்தங்கும். ஒருநாள் வரப்பில் படுத்தது எழுந்திருக்காது. வருஷத்துக்கு வருஷம் இப்படிச் சாவது கூடிக்கொண்டே போனது.

"அத்தான், இந்த ஈரத்துல போட்டு ஆட்டைக் கொல்ல வேண்டாம். ஆரல்வாய்மொழிக்கு மேல மலையில நல்ல புல்லு கெடக்கு. அங்க ஓட்டிருவோம்" என்றான் கோலப்பன்.

"வயல்காரங்களுக்கு நான் சொன்ன வாக்கு என்னத்துக்கு ஆகும்? குளிருக்கும் புலிக்கும் குடுக்கதுக்கா உங்கப்பா ஆட்டை வச்சிட்டுப் போனாரு?"

குளத்தங்கரையில், வயல்காரர்கள் நாலு பேர் நிற்கும்போது பேச்சு முற்றிவிட்டது. "வாக்கு வாக்குண்ணு எங்கப்பா ஆட்டை எல்லாம் குழியில போட்டு மூடுதேரு. உமக்கு ஆட்டைப் பாக்கத் தெரியாது, ஊர்க்காரன் மூஞ்சியைப் பாக்கத்தான் தெரியும்" என்று கோலப்பன் சொல்லிவிட்டான். சிவதாணு துண்டை உதறித் தோளில் போட்டான். பிறகு, "உன் பங்கு ஆட்டை நீ ஓட்டிட்டுப் போ. எம் வாசப்படியை இனி மிதிக்காத" என்றான். உலகம்மாள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பிடித்து நிறுத்தப் பார்த்தாள். இரண்டு பேரும் அவள் பேச்சைக் கேட்கவில்லை.

கோலப்பன் தன் பாதியை ஓட்டிக்கொண்டு மலை ஏறினான். கணவாய்க் காற்று ஓயாமல் மோதும் ஒரு முகட்டில், முன்பு யாரோ ஒரு வெள்ளைக்காரர் காப்பி போட்டு, இலையில் நோய் விழுந்து, கைவிட்டுப் போன சரிவு இருந்தது. அதில் கணுக்கால் உயரத்துக்குப் புல் முளைத்திருந்தது. கீழே தேயிலை போட்டிருந்த தோட்டக்காரர் தம் செடிகளுக்கு ஆட்டு எரு கிடைக்கும் என்று அந்த முகட்டை அவனுக்கு விட்டுக்கொடுத்தார். முதல் வருஷம் குளிரில் சில குட்டிகள் போயின. ஒன்றைச் சிறுத்தை கொண்டுபோனது. ஆனால் வெளுப்பு மட்டும் அந்த மேட்டுக்கு வரவே இல்லை. மழை எவ்வளவு பெய்தாலும் சரிவில் தண்ணீர் நிற்காது. நின்ற ஈரத்தையும் காற்று துடைத்துவிடும். மூன்றாம் வருஷம் மந்தை இரட்டிப்பாயிற்று. கோலப்பன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. சந்தைக்கு இறங்கினால் தாழக்குடி வழியாக வராமல் சுற்றிப் போனான். தங்கை இரண்டாவது பிள்ளை பெற்றதையும் சந்தையில் யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டான்.

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றுப் பத்து வாக்கில், இங்கிலீஷ் கணக்குக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தில், அந்தப் பக்கத்துக்கு ஒரு மாட்டு டாக்டர் வந்தார். ஜெபதாஸ் என்று பேர். மதராஸில் படித்தவர், சபை ஊழியர் வீட்டுப் பிள்ளை, நெடுநெடுவென்று வளர்ந்தவர். மற்ற டாக்டர்கள் காளைக்கும் பசுவுக்கும்தான் வருவார்கள். இவர் ஆட்டுக்காரர்களையும் தேடி வந்தார். அவர் பையில் ஒரு அட்டை இருக்கும். அதில் வெளிறிய ரோஜா நிறத்திலிருந்து கருஞ்சிவப்பு வரைக்கும் வரிசையாகக் கட்டம் போட்டிருக்கும். ஆட்டின் காதில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை மை உறிஞ்சும் ஒற்றுத்தாளில் எடுத்து, அது எந்தக் கட்டத்தின் நிறத்தோடு சேருகிறது என்று வெயிலில் பிடித்துப் பார்ப்பார்.

சிவதாணுவின் ஆடுகளின் ரத்தம் அட்டையின் வெளிறிய பக்கத்தில் நின்றது. கோலப்பனின் ஆடுகளுடையது மறுகோடிக்குப் பக்கத்தில். ஜெபதாஸ் மலைமுகட்டில் நின்று இரண்டு ஒற்றுத்தாள்களையும் அருகருகே பிடித்துக் காட்டினார். காற்று தாளைப் படபடவென்று அடித்தது.

"ஒரே மந்தையில பிரிஞ்ச ஆடு இது ரெண்டும். பாத்தியா கோலப்பா? உயரம் ஏற ஏற காத்து லேசா இருக்கும். அந்த லேசான காத்துல மூச்சு எடுக்கணும்ணா உடம்பு ரத்தத்தைக் கூட்டிக்கிடும். பெரிய மலைகள்ள உள்ள ஆட்டுல பாத்து எழுதியிருக்காங்க. நான் இங்க கண்ணால பாக்கேன்" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

கோலப்பன் வெளிறிய தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். "இது அவிய ஆடா?"

"ஆமா. தாழக்குடி ஆடு. மயில்துத்தம் கரைச்சுக் குடுத்திருக்கேன். வயித்துல கெடந்து ரத்தம் குடிக்குத புழு செத்து விழும். ஆனா அதே ஈரப் புல்லுல திரும்பவும் மேய்ஞ்சா திரும்பவும் புழு ஏறும். அவங்க மேய்ச்சலை மாத்த முடியாதுண்ணு நிக்காங்க."

"மாத்த மாட்டாரு" என்றான் கோலப்பன். சொல்லும்போது அவனுக்குள் ஒரு திருப்தி இருந்தது. அதை நினைத்து அவன் பின்னால் எத்தனையோ முறை தலையில் அடித்துக்கொண்டான்.

அந்த ஆவணியில், கன்னிப்பூ நெல் அறுப்பு தொடங்கும் முன்பாக, உலகம்மாள் மலை ஏறி வந்தாள். சின்னப் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வந்திருந்தாள். சேலைத் தலைப்பில் நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு பொதி. கோலப்பன் பாறையில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து நின்றான். அவளுக்கு மூச்சு வாங்கியது.

"அண்ணா, எங்க ஆட்டை மழை முடியுத வரைக்கும் இங்க ஏத்தி விடட்டா? உன் ஆட்டோட சேர வேண்டாம். அந்தப் பக்கத்துச் சரிவுல கெடந்துக்கிடட்டும். நானே கூட வந்து பாத்துக்கிடுதேன்."

"அத்தான் சொல்லியா விட்டாரு?"

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். "அவியளுக்குத் தெரியாது. நீ சரிண்ணு சொன்னா நான் பேசிச் சம்மதிக்க வைப்பேன். அவியளுக்கும் ஆடு சாகுததைப் பாக்க முடியல. ராத்திரி எழுந்து ஒவ்வொண்ணுக்கும் கண்ணைப் புரட்டிப் பாக்காவ. வாயைத் திறந்து உங்கிட்ட வந்து கேக்கத்தான் வரல."

கோலப்பனுக்குக் குளத்தங்கரை ஞாபகம் வந்தது. வாசப்படியை மிதிக்காதே என்ற குரல் இன்னும் காதில் இருந்தது. "இடம் இருக்கு. இல்லாம இல்ல. ஆனா கேக்க வேண்டியது அவரு. அன்னைக்கு அத்தனை பேருக்கு முன்ன சொன்னாரே, இன்னைக்கு இங்கண வந்து எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கட்டும். கேட்ட அன்னைக்கே ஏத்திக்கிடலாம்."

"அண்ணா, ஆட்டுக்கும் உங்க சண்டைக்கும் என்ன?"

"நீ போய் அவரை வரச் சொல்லு மக்கா."

அவள் அழவில்லை. ஊறுகாய்ப் பொதியைப் பாறைமேல் வைத்தாள். சரிவில் மேயும் ஆடுகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு கிடாயின் முதுகைத் தடவினாள். "நல்லா இருக்குதுகள்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். சாப்பிட்டுவிட்டுப் போ என்று சொல்லக்கூட அவனுக்கு அப்போது தோன்றவில்லை.

சிவதாணு வரவில்லை. தன் மனைவி மலைக்குப் போய்வந்தது அவனுக்குத் தெரிந்துவிட்டது என்றும், இரண்டு நாள் அவளோடு பேசவில்லை என்றும் சந்தையில் கேள்விப்பட்டான் கோலப்பன். புரட்டாசியில் அறுப்பு முடிந்து சிவதாணு கிடை போட்டான். ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்தது. நாஞ்சில் நாட்டு வயல்களும் குளங்களும் ஒரே வெள்ளமாகச் சேர்ந்துகொண்டன. முகட்டில் நின்று பார்த்தால் கீழே ஒரே ஈய நிறம்.

மழைக்கு நடுவே ஒருநாள் ஜெபதாஸ் குடையோடு மேலே வந்தார். தாழக்குடியிலிருந்துதான் வந்திருந்தார். "பாதிக்கு மேல போயாச்சு. மிச்சம் உள்ளதும் எழுந்து நடக்க மாட்டேங்குது. மருந்து குடுத்தும் தாங்கல. அந்தம்மா தொழுவத்துல உக்காந்து ஒரு குட்டிக்குக் கஞ்சி ஊத்திக்கிட்டிருந்தாங்க. என்னைப் பாத்து ஒண்ணும் கேக்கல" என்றார்.

கோலப்பன், உலகம்மாள் பொதி வைத்துப்போன பாறையில் போய் உட்கார்ந்தான். அவள் ஏறி வந்த பாதையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். மிச்ச ஆடுகளை இனி மேலே ஏற்ற முடியாது, நடக்கவே மாட்டாத ஆடு எப்படி மலை ஏறும் என்று நினைத்தான். தோளில் சுமந்து கொண்டுவந்திருக்கலாம் என்பது அப்போது தோன்றவில்லை. வேறொன்று தோன்றியது. இடம் மட்டும் கொடுத்தால் போதுமா, கேட்டபோது மறுத்தவன் இப்போது அதைவிடப் பெரிதாக ஏதாவது செய்ய வேண்டாமா என்று தோன்றியது. அண்ணன் தங்கைக்குச் செய்கிற சீர் மாதிரி, தன் மந்தையில் நல்லதாகப் பார்த்து ஓட்டிக்கொண்டுபோய் அவள் தொழுவத்தில் விட வேண்டும். அத்தான் வந்து கேட்கவும் வேண்டாம்.

ஜெபதாஸ் புறப்படும் முன் அவரிடம் கேட்டான். "டாக்டரே, என் ஆட்டுக்கு நல்ல ரத்தம்ணு சொன்னியளே. கீழ கொண்டுபோனா அந்த ரத்தம் நிக்குமா?"

ஜெபதாஸ் யோசித்தார். மலை ஆடு, மலைக் கிடாய், அதன் வம்சம் என்று அவர் மனம் ஓடியது. "நல்ல ரத்தம் உள்ள ஆட்டுக்குத் தாங்குத சக்தி கூடுதலாத்தான் இருக்கும். புழு கொஞ்சம் குடிச்சாலும் மிச்சம் இருக்குமில்லியா? கிடாயும் சேத்துக் கொண்டுபோ. கலந்து பிறக்குத குட்டிக்கும் நல்லது. நான் வந்து மருந்து குடுக்கேன்" என்றார். கோலப்பனுக்கு வேண்டியிருந்த பதிலும் அதுதான்.

மழை விட்டு வெறித்த ஒரு காலையில் அவன் இறங்கினான். இளம் பெண்ணாடுகளாகவும் இரண்டு நல்ல கிடாய்களாகவும் பொறுக்கி எடுத்திருந்தான். தோவாளை தாண்டும்போது பூப் பறிக்கும் பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். இப்படித் திமிர்த்து நடக்கும் செம்மறி அந்தப் பக்கத்தில் இல்லை. தாழக்குடியில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. கோலப்பன் தங்கை வீட்டு வாசலுக்கு வெளியே நின்றான். படியை மிதிக்கவில்லை.

சிவதாணு உள்ளிருந்து வந்தான். மெலிந்திருந்தான். ஆடுகளைப் பார்த்தான், கோலப்பனைப் பார்த்தான். குனிந்து ஒரு கிடாயின் இமையைப் புரட்டிப் பார்த்தான். கடைசியில், "வாசல்ல நிக்காத. உள்ள வா" என்றான். உலகம்மாள் அடுக்களைக் கதவைப் பிடித்துக்கொண்டு அப்போதுதான் அழுதாள். அன்று மூன்று பேரும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். சின்னப் பிள்ளை மாமன் மடியில் தூங்கிப்போனது. கோலப்பன் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு நிறைவான நாள் இருந்ததில்லை.

அவன் மலைக்குத் திரும்பிக் கார்த்திகை முடிவதற்குள் ஜெபதாஸ் ஆள் அனுப்பினார், உடனே வரச் சொல்லி.

தாழக்குடியில் மலையாடுகள் வரிசையாகச் சாய்ந்துகொண்டிருந்தன. தாடையில் பை தொங்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. முந்தின நாள் மேய்ந்த ஆடு மறுநாள் காலில் பலமில்லாமல் முழங்காலிட்டது. கோலப்பன் ஒன்றின் இமையைப் புரட்டினான். வெறும் வெள்ளை. அவன் கண்முன் வளர்ந்த ஆடு அது. பெரிய கிடாய் செத்தபோது ஜெபதாஸ் குளத்தங்கரையில் அதன் வயிற்றைக் கீறித் திறந்து காட்டினார். உள்ளே நூல் நூலாக, முறுக்கிய மாதிரி, சிவப்பும் வெள்ளையுமாகப் புழு நெளிந்தது, கை நிறைய அள்ளலாம் போல. சிவதாணுவின் பழைய ஆடுகளில் ஐந்தாறு மிச்சம் இருந்தன. எலும்பும் தோலுமாக, ஆனால் நின்று மேய்ந்துகொண்டிருந்தன. அவை சாகவில்லை.

"இதுகளுக்கு எப்படி ஒண்ணும் ஆகல?" என்று கேட்டான் கோலப்பன்.

ஜெபதாஸ் கத்தியைக் குளத்துத் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்தார். கழுவி முடித்த பிறகும் நிமிரவில்லை. "இதுங்க குட்டியா இருக்கும்போதே புழுவோட பழகின ஆடுங்க. சாகாம மிஞ்சினதுங்களுக்கு உடம்புல ஒரு எதிர்ப்பு வந்திருக்கு. உன் ஆடுங்க புழுவைக் கண்டதே இல்ல. ஒரே மூச்சுல ஏறினதும் தாங்கல. உயரத்துல கூடின ரத்தம் கீழ வந்தா நிக்காது போல. நான் சிவப்பை மட்டும் பாத்தேன் கோலப்பா. அந்தச் சிவப்புக்கு உயரம்தான் காரணம்ணு நெனச்சேன். மேல புழு இல்லாததும் ஒரு காரணம்ணு எனக்குத் தோணியிருக்கணும். கொண்டுபோண்ணு நான்தான் சொன்னேன்."

"நான் கேட்டதுக்குத்தானே சொன்னிய" என்றான் கோலப்பன். பிறகு அவன் கேட்க வேண்டாத ஒன்றைக் கேட்டான். "டாக்டரே, ஆவணியிலே அவ தன் ஆட்டை மேல ஏத்தட்டாண்ணு எங்கிட்ட வந்து கேட்டா. அப்பம் ஏத்தியிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

அவள் வந்து கேட்டது ஜெபதாஸுக்குத் தெரியாது. அவர் திரும்பிப் பார்த்தார். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்த மாதிரி இருந்தது. "மருந்து குடுத்து ஏத்தியிருந்தா பெரும்பாலும் பிழைச்சிருக்கும். நல்ல காத்து, உலர்ந்த புல்லு. புதுசா புழு ஏறாது. ரெண்டு மாசத்துல இமை சிவந்திருக்கும்" என்றார்.

கோலப்பன் குளத்தையே பார்த்தான். கீழ் ஆட்டை மேலே ஏற்றியிருந்தால் இரண்டு மந்தையும் இருந்திருக்கும். ஏற்றாததால் கீழ் மந்தை போயிற்று, இறக்கியதால் மேல் மந்தையின் நல்ல ஆடுகளும் போயின. கேட்டதைக் கொடுக்காமல் கேட்காததைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டோம் என்பது அவனுக்குப் புரிந்தது.

உயிரோடு கிடந்த மலையாடுகளைச் சிவதாணுவும் அவனும் தோளில் போட்டு மலைக்குச் சுமந்தார்கள். வழியிலேயே இரண்டு செத்தன. மற்றவை முகட்டை அடைந்தன, அடைந்த வாரத்திலேயே போயின. மழை நின்ற பிறகு சிவதாணுவின் பழைய ஆடுகளையும் ஓட்டிக்கொண்டுவந்தார்கள். அவை நிதானமாக ஏறின. மாசி முடிவதற்குள் அவற்றின் இமைகள் சிவந்தன. ஜெபதாஸ் சொன்ன அதே இரண்டு மாதக் கணக்கு.

ஐந்தாறு ஆட்டை வைத்துக்கொண்டு யாரும் கிடை போட முடியாது. சிவதாணு தாழக்குடியை விட்டுவிட்டான். குலசேகரத்தில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். பிள்ளைகளையும் உலகம்மாளையும் கூட்டிக்கொண்டு அங்கே போனான். ஜெபதாஸை வடக்கே எங்கேயோ மாற்றினார்கள். போகும் முன் ஆட்டுக்காரர்களை எல்லாம் கூப்பிட்டு, ஐப்பசிக்கு முன்னால் மந்தையை மேட்டுக்கு ஏற்றுங்கள், ஏற்றினதை மழையில் இறக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். சிலர் கேட்டார்கள். கோலப்பன் தன் சரிவில் அவர்களுக்கு இடம் விட்டான். யாரிடமும் எதையும் எதிர்பார்க்கவில்லை, யாரும் வந்து கேட்க வேண்டும் என்று காத்திருக்கவும் இல்லை. புரட்டாசியிலேயே ஊர் ஊராகப் போய் அவனே சொன்னான்.

அடுத்த சித்திரையில் குலசேகரம் போனான். தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில், ஒரு அறை. வாசலில் ரப்பர் பால் மணம். உலகம்மாள் அவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்து உள்ளே கூப்பிட்டாள். கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தாள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதைச் சொன்னாள். ஆட்டைப் பற்றிப் பேசவே இல்லை.

"உன் ஆடு குட்டி போட்டிருக்கு மக்கா. வந்து ஒருவாட்டி பாரு" என்றான் அவன்.

"வேண்டாம் அண்ணா. பாத்தா மனசு அங்கயே நிண்ணுரும். நீயே வச்சுக்கோ."

"அன்னைக்கு நீ வந்து கேட்டப்பம்…" என்று தொடங்கினான். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"அதைப் பேசாத. நீ மாட்டேண்ணு சொன்னப்பம் எனக்கு ஆத்திரம் வந்தது உண்மைதான். நீ ஆட்டை ஓட்டிட்டு எங்க தெருவுல வந்ததைப் பாத்ததும் அது போயிட்டு. அந்த நாளை நான் வச்சிருக்கேன். அதையும் கெடுத்துராத."

அவள் திட்டியிருந்தால் அவனுக்கு இலேசாக இருந்திருக்கும். சாயங்காலம் சிவதாணு வேலை முடிந்து வந்தான். கைவிரல்களில் ரப்பர் பால் காய்ந்து தோல் தோலாக ஒட்டியிருந்தது. "வந்தியா" என்று மச்சினன் பக்கத்தில் உட்கார்ந்து அதை உரித்துக்கொண்டிருந்தான். உரித்ததையே பார்த்துக்கொண்டு சொன்னான்.

"நான் வந்து கேட்டிருக்கணும் கோலப்பா. இவ வந்துட்டுப் போன அன்னைக்கு ராத்திரியே புறப்பட்டேன். தோவாளை வரைக்கும் வந்தேன். அங்கயே நிண்ணுட்டுத் திரும்பிட்டேன்."

கோலப்பன் அன்று இரவு அங்கேயே தங்கினான். விடிந்ததும் சிவதாணு கத்தியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு மரங்களுக்குள் போனான். உலகம்மாள் வழிக்குச் சோறு கட்டிக் கொடுத்தாள். கோலப்பன் அதை வாங்கிக்கொண்டு, மழை வரும் முன் முகட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று சொல்லிவிட்டு நடந்தான்.